ஐகான் மூன்று, எஞ்சின் ஒன்று

சித்திரை வெயிலில் மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் வேலூரில் யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். போன ஞாயிறு அந்த நேரத்தில் அக்கா பையன் சத்துவாச்சாரியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி, காட்பாடியில் இருக்கும் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, போனை நீட்டிவிட்டான்.

"இன்னா மாமா இது, குரோம்ல பார்த்தேன், பிரேவ்ல பார்த்தேன், எட்ஜ்லயும் பார்த்துட்டேன். மூணுலயும் திக்கித் திக்கித்தான் போகுது. போன் போச்சா?"

போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையன் காலேஜில் முதல் வருடம், ஜப்பான் கார்ட்டூனான அனிமே மேல் பைத்தியம் (குடும்ப நோய், என்னிடமிருந்து ஒட்டியது). இதுவரை பார்த்த தொடர்களையெல்லாம் பட்டியல் போட்டு ஒரு வெப் பக்கம் தானே எழுதியிருக்கிறான். மேலிருந்து 60 சகுரா பூவிதழ்கள் விழுகின்றன, 'வேலூர் ஒடாகு' (ஒடாகு என்றால் அனிமே பைத்தியம்) என்ற தலைப்பில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துள்ளுகின்றன, லேப்டாப்பில் பார்த்தால் ஓரத்தில் ரோஸ் கலர் ஸ்க்ரோல்பார், நடுவில் அவனே 24 படம் வரைந்து செய்த ஒரு நொடி வீடியோ, அதில் ஒரு பூனை திரும்பிப் பார்க்கிறது. எல்லாம் அழகுதான். விரலால் தள்ளினால் மட்டும் பக்கம் டவுன் பஸ் மாதிரி நின்று நின்று நகர்கிறது.

மூன்று பிரௌசரில் சோதித்ததாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான், உண்மையில் ஒன்றிலேயே மூன்று தடவை சோதித்திருக்கிறான். இதைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. சரி, உட்கார், மோர் குடி, ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன் என்று ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. பிரௌசர் என்றால் ஒரு ஐகான் என்று மட்டும் தெரிந்தவர்களுக்கும் புரியும்.

பிரௌசர் என்று நாம் சொல்வதில் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டேப், புக்மார்க், அட்ரஸ் பார், பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்வது, விளம்பரத்தைத் தடுப்பது, இதெல்லாம் வெளியே தெரியும் உடம்பு. உள்ளே, வெப்சைட்டிலிருந்து வரும் வெறும் எழுத்துக் குவியலைப் படித்து, எது எங்கே எந்த அளவில் எந்த நிறத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்து, திரையில் வரைந்து தருகிற பாகம் தனி. அதற்குத்தான் எஞ்சின் என்று பெயர். அனிமே பார்ப்பவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம், பிரௌசர் என்பது டிவி சேனல், எஞ்சின் என்பது ஸ்டுடியோ. ஒரே தொடர் இந்த சேனலிலிருந்து அந்த சேனலுக்குப் போனால் மூலையில் இருக்கும் லோகோ மாறும், விளம்பரம் மாறும், வரைந்த கை மாறாது.

குரோம், பிரேவ், எட்ஜ், ஓபரா, விவால்டி, சாம்சங் போனில் கூடவே வரும் சாம்சங் இன்டர்நெட், இத்தனைக்கும் ஆண்ட்ராய்டில் ஸ்டுடியோ ஒன்றுதான். அதன் பெயர் பிளிங்க். ஃபயர்ஃபாக்ஸ் தனி, அதற்குள் இருப்பது கெக்கோ. ஆப்பிளின் சஃபாரிக்குள் இருப்பது வெப்கிட். பரவலாகப் புழங்கும் எஞ்சின்கள் இந்த மூன்றுதான். சர்வோ, லேடிபேர்ட் என்று புதிதாக எழுதிக்கொண்டிருப்பவர்களும் உண்டு, நானும் ஆவலாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் உங்கள் அத்தை போனில் அவை இப்போதைக்கு வராது.

இதில் பிளிங்க்கும் வெப்கிட்டும் ஒரு குடும்பம். நம் மாவட்டக் கதையை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் எல்லாம் வட ஆற்காடு. 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் போனது, மிச்சம் பிறகு வேலூர் மாவட்டம் ஆனது, அதுவும் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. எஞ்சினிலும் இதே பாகப்பிரிவினை. லினக்ஸில் கேடிஇ என்ற குழு கேஎச்டிஎம்எல் என்று ஒரு எஞ்சின் எழுதியது. ஆப்பிள் அதை எடுத்துக்கொண்டுபோய் வெப்கிட் ஆக்கி, 2003-இல் சஃபாரியை வெளியிட்டது. 2008-இல் கூகுள் குரோமைக் கொண்டுவந்தபோது அதே வெப்கிட்டைத்தான் உள்ளே வைத்தது. 2013-இல் கூகுள் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு பிளிங்க் என்று பெயர் வைத்தது. தனக்கென்று எஞ்சின் வைத்திருந்த ஓபரா அதே வருடம் அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜும் வந்து சேர்ந்தது. ஒருவர் எழுதிய நிரலை எடுத்துத் தனியாக வளர்ப்பதை ஃபோர்க் என்பார்கள், கோர்ட்டு கேசு இல்லாத பாகப்பிரிவினை. நிரலை எல்லாருக்கும் திறந்து வைக்கும் திறமூல மென்பொருளில் இது தப்பே இல்லை, உரிமையே அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மாவட்டம் இத்தனை தடவை பிரிந்த பிறகும் எங்கள் தெருப் பெரியவர்கள் இன்னும் 'நார்த் ஆற்காடு' என்றுதான் சொல்வார்கள். உங்கள் பிரௌசரும் அதையேதான் செய்கிறது. நீங்கள் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் உங்கள் பிரௌசர் முதலில் தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளும். அந்த அறிமுகத்துக்கு யூசர் ஏஜென்ட் என்று பெயர். பையன் போனில் அதை எடுத்துக் காட்டினேன். குரோமின் அட்ரஸ் பாரில் குரோம் என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அப்புறம் வெர்ஷன் என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும் பக்கத்திலேயே இருக்கும். அதை அப்படியே தமிழில் வாசித்தால்: மொசில்லா 5.0, லினக்ஸ், ஆண்ட்ராய்டு 10, கே, ஆப்பிள்வெப்கிட் 537.36, கேஎச்டிஎம்எல், கெக்கோ மாதிரி, குரோம், மொபைல் சஃபாரி 537.36.

ஒரு குரோம் தன்னை மொசில்லா என்கிறது, ஆப்பிள் என்கிறது, கெக்கோ மாதிரி என்கிறது, கடைசியில் சஃபாரி என்றும் சொல்லிக்கொள்கிறது. கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் போனவன் வாசலில் நிற்பவரிடம் ஊரில் உள்ள எல்லார் பெயரையும் சொல்லி "நான் அவங்க சொந்தம்" என்பானே, அதுதான். நடந்ததும் அதுதான். 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் என்ற பிரௌசர் கொடிகட்டிப் பறந்தது, அதன் செல்லப்பெயர் மொசில்லா. பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும் ஃபிரேம் வசதி அதில் இருந்ததால், மொசில்லா என்று சொல்லி வருபவர்களுக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் கொடு, மற்றவர்களுக்கு வெறும் பக்கம் போதும் என்று வெப்சைட் நடத்தியவர்கள் எழுதிவிட்டார்கள். பின்னால் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் ஃபிரேம் வரையத் தெரியும், ஆனால் வாசலிலேயே நிறுத்தினால் என்ன செய்யும்? நானும் மொசில்லாதான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தது. அப்புறம் கெக்கோ வந்தது, கெக்கோவுக்கு மரியாதை கிடைத்தது, உடனே கேஎச்டிஎம்எல் 'கெக்கோ மாதிரி' என்று சேர்த்துக்கொண்டது. சஃபாரி அதை அப்படியே எடுத்துக்கொண்டது, குரோம் சஃபாரியின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. யாரும் பழைய பெயரை எடுக்கத் துணியவில்லை, எடுத்தால் எங்கோ ஒரு பழைய வெப்சைட் உடைந்துவிடும்.

"என் போன் ஆண்ட்ராய்டு 14 மாமா, இதுல 10னு போட்டிருக்கு, கே வேற." அது வேறு விஷயம். எந்தப் போன், எந்த மாடல் என்று ஊருக்கெல்லாம் சொன்னால் அதை வைத்தே ஆளை அடையாளம் பிடித்துப் பின்தொடர்கிறார்கள் என்பதால், குரோம் இப்போது எல்லா ஆண்ட்ராய்டு போனுக்கும் 10, கே என்று ஒரே பதிலைத்தான் சொல்கிறது. நல்லதுதான்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்டர்நெட் என்பதே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரௌசிங் சென்டரில், பிளைவுட் தடுப்புக்குள், அந்த நீல நிற ஆங்கில எழுத்தை இரண்டு தடவை தட்டுவதுதான். அந்தப் பிரௌசருக்கு 2013-இல் மைக்ரோசாஃப்ட்டின் சிங்கப்பூர்க் கிளை ஒரு அனிமே பெண்ணை உருவாக்கியது, பெயர் இனோரி ஐசாவா, சிங்கப்பூரில் நடந்த அனிமே விழாவில் அறிமுகம். பிரௌசருக்கு 2022 ஜூன் 15-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இதைச் சொன்னதும்தான் பையன் ஹெல்மெட்டைக் கழற்றினான். படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கா மாமா, இதையா மூடினாங்க" என்றான்.

சரி, இப்போது இதழ் ஏன் திக்குகிறது என்பதற்கு வருவோம். இதற்கு எஞ்சின் ஒரு பக்கத்தை எப்படி வரைகிறது என்று தெரிய வேண்டும். அது ஒரு அனிமே ஸ்டுடியோ வேலை செய்யும் முறைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று, உண்மையைச் சொன்னால், நானும் ரொம்ப வருடம் கவனிக்கவில்லை.

ஸ்டுடியோவில் முதலில் எ-கோன்தே என்ற படக்கதைத் தாள் வரும், எந்தக் காட்சியில் யார், எதற்குப் பின் எது என்று அதில் இருக்கும். நம் பக்கத்தில் அது எச்டிஎம்எல். எஞ்சின் அதைப் படித்து ஒரு வம்சாவளி மாதிரி மரம் கட்டும், பக்கத்துக்குள் பட்டியல், பட்டியலுக்குள் வரி, வரிக்குள் படம், யாருக்கு யார் பிள்ளை என்று. இதை டாம் என்பார்கள். அடுத்து, ஸ்டுடியோவில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முடி என்ன நிறம், உயரம் எவ்வளவு, சட்டை எப்படி என்று செத்தெய் என்ற குறிப்புத் தாள் இருக்கும். இங்கே அது சிஎஸ்எஸ். மரத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அந்தக் குறிப்பை ஒட்டிக்கொண்டே எஞ்சின் போகும்.

மூன்றாவது வேலைக்கு இரண்டு இடத்திலும் ஒரே பெயர், லேஅவுட். அனிமேயில், இந்தக் காட்சியில் கேமரா எங்கே, ஆள் எங்கே நிற்கிறான், பின்னணியில் மலை எவ்வளவு தெரிகிறது என்று அளந்து போடுவது. எஞ்சினில், இந்தத் திரையின் அகலத்தில் இந்தப் பத்தி எத்தனை வரி வரும், அதனால் கீழே இருக்கும் படம் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடுவது. ஒன்று நகர்ந்தால் கீழே இருப்பதெல்லாம் நகரும், அதனால்தான் இது செலவு பிடித்த வேலை. ஒரு லிங்கைத் தொடப் போகும்போது சட்டென்று பக்கம் கீழே இறங்கி, விரல் விளம்பரத்தின் மேல் பட்டு எரிச்சல் ஆவீர்களே, அது மேலே ஒரு படம் தாமதமாக வந்து லேஅவுட் மறுபடி நடந்ததால் வருவது. படத்தின் அகல உயரத்தை முன்பே எழுதி வைத்திருந்தால் எஞ்சின் அந்த இடத்தைத் துண்டு போட்டு வைத்திருக்கும். எழுதினவரின் சோம்பேறித்தனம், நம் விரலுக்குத் தண்டனை.

அப்புறம் வரைதல், பெயிண்ட். அதற்கும் அப்புறம், தனித்தனியாக வரைந்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக ஆக்குவது. இதை இங்கே காம்போசிட்டிங் என்பார்கள், ஸ்டுடியோவில் சாட்சுயே. இந்த இடத்தில்தான் பையனின் இதழ்கள் மாட்டிக்கொண்டன.

பழைய கை அனிமேயை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னணியை, வானம், மலை, பள்ளிக்கூடக் கட்டடம் எல்லாம், போஸ்டர் கலரில் தாளில் ஒரே தடவை வரைவார்கள். ஓடும் பையனைக் கண்ணாடி மாதிரி இருக்கும் செல் என்ற ஷீட்டில் தனியாக வரைவார்கள். தாளின் மேல் செல்லை வைத்து, மேலே இருக்கும் கேமராவில் ஒரு படம் எடுத்து, செல்லை மாற்றி அடுத்த படம். பையன் ரயிலில் உட்கார்ந்து போகிறான், வெளியே வயல் நகர்கிறது என்றால் வயலை மறுபடி மறுபடி வரைய மாட்டார்கள், வரைந்த தாளை ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் இழுத்து வைப்பார்கள், அவ்வளவுதான். 2000 வாக்கில் பெரும்பாலான ஸ்டுடியோக்கள் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டன, ஆனால் அடுக்கு அடுக்காக வைக்கும் அந்தப் புத்தி மாறவில்லை.

பிரௌசர் எஞ்சினும் இதையேதான் செய்கிறது. பக்கத்தைச் சில அடுக்குகளாக வரைந்து, படம் காட்டுவதற்கென்றே இருக்கும் ஜிபியு என்ற சில்லிடம் கொடுத்துவிடும். நீங்கள் விரலால் தள்ளும்போது எதையும் புதிதாக வரையாமல், வரைந்த தாளை மேலே இழுக்கும். அதனால்தான் பெரிய பெரிய பக்கங்கள்கூட எண்ணெய் மாதிரி வழுக்குகின்றன. ஆனால் பையன் என்ன எழுதியிருந்தான்? ஒவ்வொரு இதழுக்கும் டாப், லெஃப்ட் என்று இடத்தைச் சொல்லி, அந்த எண்ணை ஒரு நொடிக்கு 60 தடவை மாற்றியிருந்தான். டாப், லெஃப்ட் என்பது லேஅவுட் சமாசாரம். அதாவது ஒவ்வொரு இதழும் ஒரு இம்மி இறங்கும்போதெல்லாம், ஸ்டுடியோவில் ஆளைக் கூப்பிட்டு "எல்லாவற்றையும் மறுபடி அள, மறுபடி வரை" என்று சொல்கிறான். திரை ஒரு நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது என்றால் ஒரு தடவைக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் 60 இதழுக்கும் அளந்து வரைந்து அடுக்கி முடிக்காவிட்டால் அந்தப் படம் தவறிவிடும், கண்ணுக்குத் திக்கலாகத் தெரியும்.

"ஆனா அனிமேல நொடிக்கு 24 படம்தானே மாமா, அது திக்கலையே?" நல்ல கேள்வி, 24-கூட முழுசாக இல்லை. ஒரே படத்தை அந்த 24 ஃபிரேமில் இரண்டு மூன்றுக்கு அப்படியே பிடித்து வைப்பார்கள், மூன்று ஃபிரேம் பிடித்தால் நொடிக்கு எட்டுப் படம்தான் வரைந்திருக்கிறது. அது ஏன் நன்றாக இருக்கிறது என்றால், எந்த எட்டு என்று ஒரு மனிதர் யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார், இடைவெளியும் சீராக இருக்கிறது. பக்கத்தில் படம் தவறுவது அப்படி இல்லை, ஒரு சமயம் இரண்டு தவறும், ஒரு சமயம் ஐந்து தவறும். மெதுவாக இருப்பதைக் கண் மன்னித்துவிடும், சீர் கெட்டால் மன்னிக்காது. (இதே காரணத்துக்காகத்தான் 24-ஐ 60 திரையில் காட்டும்போது ஒரு படத்தை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் காட்ட வேண்டியிருக்கிறது, கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசான உதறல் தெரியும். 120 திரையில் ஒவ்வொன்றும் ஐந்து தடவை, உதறல் போச்சு. போன் வாங்க வீட்டில் காரணம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.)

வார்த்தையில் சொன்னால் நம்ப மாட்டான் என்று லேப்டாப்பில் குரோமைத் திறந்து எஃப்12 தட்டினேன். மூன்று புள்ளி மெனுவில் மோர் டூல்ஸ், அதில் ரெண்டரிங், அதில் பெயிண்ட் ஃபிளாஷிங் என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் எஞ்சின் எந்த இடத்தை மறுபடி வரைகிறதோ அங்கே பச்சை மின்னும். அவன் பக்கம் முழுக்கப் பச்சைப் பசேல் என்று ஆனது, சகுரா தோட்டம் கீரைத் தோட்டமாகிவிட்டது. அப்புறம் டாப், லெஃப்ட்டை எடுத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்ம் என்ற ஒரே சொல்லால் நகர்த்தச் சொன்னேன். ஆரம்பம் எங்கே, முடிவு எங்கே என்று இரண்டு கீஃபிரேம் மட்டும் எழுதினால் போதும், நடுவில் இருப்பதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். இந்தப் பெயரும் அனிமேஷனிலிருந்து வந்ததுதான், பெரிய கலைஞர் முக்கியப் படங்களை வரைவார், அது கெங்கா, நடுவில் வருவதை இன்னொருவர் நிரப்புவார், அது டோகா. இங்கே நீ கெங்கா வரை, டோகா வேலையை எஞ்சினிடம் விட்டுவிடு. டிரான்ஸ்ஃபார்மில் அளப்பதும் இல்லை வரைவதும் இல்லை, செல்லை நகர்த்துவது மட்டும்தான். பச்சை அடங்கிவிட்டது. போனிலும் இதழ்கள் இதழ் மாதிரியே விழுந்தன.

இதோடு விட்டிருக்கலாம். பையன் எங்கோ படித்துவிட்டு, எல்லாவற்றையும் தனி அடுக்காக்கச் சொல்லும் வில்-சேஞ்ச் என்ற கட்டளையை இதழ், படம், பட்டியல் வரி என்று கண்டதிலெல்லாம் போட்டுவிட்டான், பத்து நிமிடத்தில் போன் தோசைக்கல் ஆனது. 1080-க்கு 1920 புள்ளி உள்ள ஒரு முழுத்திரை அடுக்கு, புள்ளிக்கு நாலு பைட் என்று பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட எட்டு எம்பி. செல் ஷீட் இலவசம் இல்லை.

இப்போது தலைப்பு. இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது, பையன் மேல் இல்லை, ஆங்கிலத்தில் மட்டும் யோசித்து எழுதப்பட்ட அத்தனை பாடங்கள் மேலும். எழுத்தை ஒவ்வொன்றாகத் துள்ளவைக்க, தலைப்பை எழுத்து எழுத்தாக வெட்டி ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியில் போட வேண்டும் என்று ஏதோ பாடத்தில் பார்த்திருக்கிறான். வேலூர் என்பதில் எத்தனை எழுத்து? வே, லூ, ர், மூன்று என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். கம்ப்யூட்டரைக் கேட்டால் ஆறு. வ, அதற்கு ஒரு இரட்டைக்கொம்பு, ல, அதற்கு ஒரு ஊகாரக் குறி, ர, அதற்கு ஒரு புள்ளி. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடில் தமிழைச் சேமிப்பது இப்படித்தான். கொம்பு கண்ணுக்கு வகரத்தின் முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் பின்னால்தான் நிற்கும். இரண்டையும் சேர்த்து, கொம்பை முன்னால் தூக்கி வைத்து 'வே' என்று ஒட்டித் தருவது எஞ்சினுக்குள் இருக்கும் இன்னொரு வேலைக்காரன், குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அவன் பெயர் ஹார்ஃப்பஸ். நாம் வெட்டித் தனித்தனிப் பெட்டியில் போட்டுவிட்டால் பாவம் அவன் எதை எதோடு ஒட்டுவான்? அதனால் பக்கத்தில் வ தனியாகத் துள்ளியது, இரட்டைக்கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாகத் துள்ளியது, ர் மேல் இருக்க வேண்டிய புள்ளி தன் பாட்டுக்கு வேறு எங்கோ துள்ளியது.

இதற்கு வழி இருக்கிறது. இன்டல் செக்மென்டர் என்று, வெப் பக்கத்துக்கு நிரல் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே ஒரு கருவி, ஒரு மொழியில் மனிதர்கள் எதை ஒரு எழுத்து என்று பார்க்கிறார்களோ கிட்டத்தட்ட அப்படி வெட்டித் தரும். கெக்கோவுக்கு அது 2024 ஏப்ரலில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 125-இல்தான் வந்தது, மற்ற இரண்டு எஞ்சினிலும் அதற்கு முன்பே வந்துவிட்டது. அதைப் போட்டதும் வே, லூ, ர் என்று மூன்றாகத் துள்ளியது. தமிழ் வெப்சைட்டுகள் ஆளுக்கு ஒரு ஃபான்ட் வைத்திருந்த காலத்தில், அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் முதல் பக்கச் செய்தி முழுவதும் காது வைத்த, மீசை வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வருவதைப் பிரௌசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்துப் பார்த்தவன் நான். மூன்று எழுத்து மூன்றாகத் துள்ளுவதை இரண்டு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் புரியவில்லை, பரவாயில்லை.

வெயில் இறங்கியதும், இப்போதாவது உண்மையிலேயே வேறு ஒரு எஞ்சினில் பார்ப்போம் என்று லேப்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தோம். இதழ் விழுகிறது, தலைப்பு துள்ளுகிறது, பூனை திரும்பிப் பார்க்கிறது.

"மாமா, ரோஸ் ஸ்க்ரோல்பாரைக் காணோம்!"

சாம்பல் நிறத்தில் சாதாரண ஸ்க்ரோல்பார் நின்றது. அவன் எழுதியிருந்த கட்டளையின் முதல் சொல்லே வெப்கிட் என்று ஆரம்பிக்கிறது. பாகப்பிரிவினைக்கு முன்பு குடும்பத்துக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது, அதனால் சஃபாரிக்கும் புரியும் குரோமுக்கும் புரியும், கெக்கோ அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை. எல்லாரும் ஒப்புக்கொண்ட தரப்படி ஸ்க்ரோல்பார்-கலர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை ஒரு வரி சேர்த்ததும் ரோஸ் வந்துவிட்டது. முதலிலேயே லேப்டாப்பில் ஒரு தடவை ஃபயர்ஃபாக்ஸைத் திறந்திருந்தால் இதை அவனே வீட்டில் கண்டுபிடித்திருப்பான்.

மூன்றாவது எஞ்சினைச் சோதிக்க எங்கள் வீட்டில் ஆப்பிள் எதுவும் கிடையாது. இரவு சத்துவாச்சாரி போய்ச் சேர்ந்ததும் ஐபோன் வைத்திருக்கும் வகுப்புத் தோழனுக்கு லிங்கை அனுப்பியிருக்கிறான். பத்தரை மணிக்கு எனக்குக் குரல் பதிவு வந்தது. இதழ் சூப்பர், தலைப்பு சூப்பர், ஆனால் பூனை அசையவே இல்லை, தொட்டால் மட்டும் திரை முழுக்க விரிந்து ஒரு நொடி ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. "அவன் சஃபாரியிலகூடப் பார்க்கல மாமா, குரோம்லதான் பார்த்தானாம். நம்மகிட்ட குரோம்ல நல்லாதானே ஓடுச்சு?"

ஐபோனில் எந்தப் பிரௌசர் போட்டாலும் உள்ளே வெப்கிட்தான் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் வந்து 2024-இல் அந்தக் கதவைக் கொஞ்சம் திறக்க வைத்தார்கள், நம் ஊரில் விற்கும் போனில் அந்தக் குரோம் ஐகானுக்குள் இருப்பது சஃபாரியின் எஞ்சின். அதில் ஒரு வீடியோ பக்கத்துக்குள்ளேயே ஓட வேண்டும் என்றால் வீடியோ வரியில் ப்ளேஸ்இன்லைன் என்று ஒரு சொல் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் முழுத்திரைக்குத்தான் போகும். அந்த ஒரு சொல்லைச் சொல்லி அனுப்பினேன். கூடவே ஆட்டோப்ளே (தானாக ஓடு), மியூட்டட் (சத்தம் வேண்டாம்), லூப் (திரும்பத் திரும்ப ஓடு) மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

பதினொன்றே காலுக்குப் பதில் வந்தது, பூனை திரும்பிப் பார்க்கும் ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங்.